பித்தப்பையில் கல்: உடனே எடுப்பதா, பொறுத்திருப்பதா?

சிறுநீரகத்தைப் பார்ப்பதற்காக வயிற்று ஸ்கேன் எடுக்கிறீர்கள். சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை, ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் பித்தப்பையில் கல் இருப்பதாக எழுதியிருக்கிறது. இதை வெளியே சொன்னால் போதும், ஆலோசனைகள் தாமாக வந்து சேரும். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பூ வாங்கப் போனாலும் மூன்று வகையான பதில்கள் கிடைக்கும். "எங்கள் பெரியம்மாவுக்கு விட்டு விட்டுத்தான் பெரிய பிரச்சினையாகிவிட்டது, உடனே எடுத்துவிடுங்கள்" என்பார் ஒருவர். "என் மாமா இருபது வருஷமாகக் கல்லோடுதான் இருக்கிறார், தொடாதீர்கள்" என்பார் இன்னொருவர். "ஆப்பிள் ஜூஸும் ஆலிவ் எண்ணெயும் குடியுங்கள், கல் தானாக வெளியே வந்துவிடும்" என்பார் மூன்றாமவர்.

மூவருமே பொய் சொல்லவில்லை. தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஒருவருக்கு நடந்ததை வைத்து அடுத்தவருக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. அப்படியானால் மருத்துவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதைத்தான் இந்த வாரப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

பித்தப்பையின் வேலை

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் அதில் ஒரு பகுதி, கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் பேரிக்காய் வடிவமான பைக்குள் போய்ச் சேர்கிறது. அதுதான் பித்தப்பை. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். எனவே அது பித்தநீரில் உள்ள தண்ணீரை உறிஞ்சி, ஐந்து முதல் பத்து மடங்கு வரை செறிவாக்கிச் சேமித்து வைக்கிறது.

காலையில் நாசி லெமாக்கோ நெய் தோசையோ சாப்பிடுகிறீர்கள். கொழுப்பு முன்சிறுகுடலுக்குள் வந்ததும், குடல் சுவரிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அது பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. பித்தநீர் குழாய் வழியாகக் குடலுக்குள் பாய்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பதுபோல், பித்தநீரில் உள்ள உப்புகள் கொழுப்பைச் சிறுசிறு துளிகளாகப் பிரிக்கின்றன. அதன் பிறகே நொதிகளால் கொழுப்பை நன்றாகச் செரிக்க முடிகிறது.

பித்தநீரை உண்டாக்குவது கல்லீரல். பித்தப்பை அதன் சேமிப்புக் கிடங்கு மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். பையை எடுத்துவிட்டால் பித்தநீர் நின்றுவிடாது. கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பித்தப்பை இல்லாமலும் மனிதர் இயல்பாக வாழ முடிகிறது.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். வாதம், பித்தம், கபம் என்று சித்த மருத்துவம் சொல்லும் 'பித்தம்' உடலின் இயல்பைக் குறிக்கும் ஒரு கருத்து. பித்தநீர் என்பது குப்பியில் பிடித்து அளக்கக்கூடிய ஒரு திரவம். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

கல் எப்படி உண்டாகிறது?

ஐஸ் போட்ட தே ஓவில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். ஓரளவுக்குக் கரையும். அதற்குமேல் போட்டால் அடியில் தங்கிவிடும். ஒரு திரவத்தில் ஒரு பொருள் கரைவதற்கு எல்லை உண்டு. பித்தநீரில் கொலஸ்ட்ரால் அந்த எல்லையைத் தாண்டும்போது நுண்ணிய படிகங்களாகப் பிரிகிறது. பை சரியாகச் சுருங்கிக் காலியாகாவிட்டால் படிகங்கள் உள்ளேயே தங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து கல்லாகின்றன. இது கொலஸ்ட்ரால் கல்.

இன்னொரு வகை, பித்த நிறமியால் ஆன கருநிறக் கல். தாலசீமியா போன்ற நோய்களில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையும்போது பிலிருபின் என்ற நிறமி அதிகமாகி இந்தக் கல் உண்டாகிறது.

வயது கூடுதல், கர்ப்பம், உடல் பருமன், நீரிழிவு ஆகியவை கல் உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. பலர் எதிர்பார்க்காத இன்னொரு காரணமும் உண்டு: மிக வேகமாக உடல் எடையைக் குறைப்பது. அப்போது உடற்கொழுப்பு கரைந்து அதிலுள்ள கொலஸ்ட்ரால் பித்தநீரில் சேர்கிறது. உணவு குறைவதால் பித்தப்பையும் அடிக்கடி சுருங்குவதில்லை. கல் உண்டாவதற்கு இவை இரண்டும் போதும்.

எந்த வலி, எந்த ஆபத்து?

கல் பையின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்போது, மேல் வயிற்றின் நடுவிலோ வலப்பக்க விலாவின் கீழோ கடுமையான வலி வரும். சில சமயம் முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் பரவும். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை நீடித்து, கல் நகர்ந்ததும் அடங்கிவிடும். நம்மில் பலர் இதைக் 'கேஸ்ட்ரிக்' என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடுவது இதனால்தான்.

வலி அடங்காமல் காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை அழற்சியாக இருக்கலாம். கல் பையைவிட்டு வெளியேறிப் பொதுப் பித்தக்குழாயை அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுந்தே ஓ நிறத்தில் போகும், மலம் வெளுக்கும். குழாயின் முடிவில் கணையக் குழாயும் வந்து சேர்வதால், அங்கே கல் மாட்டினால் கணைய அழற்சி வரலாம். இவை வீட்டில் காத்திருந்து பார்க்கக்கூடியவை அல்ல.

முதல் கேள்வி: வலியே இல்லாத கல்லை எடுக்க வேண்டுமா?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்களுக்கு நடத்திய பரிசோதனையில், எந்தத் தொந்தரவும் இல்லாத 123 பேருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரியவந்தது. அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1982-இல் முடிவை வெளியிட்டார்கள். 15 ஆண்டுகளில் ஏறக்குறைய 18 விழுக்காட்டினருக்கே வலி வந்திருந்தது. பித்தக்கல்லால் எவரும் இறக்கவில்லை.

மாமாவின் இருபது ஆண்டுக் கதைக்கு இங்கே ஆதாரம் கிடைக்கிறது. தொந்தரவு தராத கல்லைப் பெரும்பாலும் விட்டுவிடலாம் என்பதே இன்றும் பொதுவான மருத்துவ ஆலோசனை. ஆனாலும் ஓர் ஆய்வைப் படிக்கும்போது 'யாரை ஆராய்ந்தார்கள்?' என்று கேட்கப் பழகுங்கள். இந்த 123 பேரில் 110 பேர் ஆண்கள். பித்தக்கல்லோ பெண்களிடம்தான் அதிகம். ஆகவே இந்த எண்ணை எல்லாருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது.

இரண்டாவது கேள்வி: ஜூஸும் எண்ணெயும் கல்லைக் கரைக்குமா?

பட்டினியிருந்து ஆப்பிள் ஜூஸ் குடித்துவிட்டு, பிறகு ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் நிறையக் குடித்தால், மறுநாள் மலத்தில் பச்சை நிற உருண்டைகள் வரும். வருவது உண்மை. 'கல் விழுந்துவிட்டது' என்று படம் பிடித்துப் பிறருக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

நியூசிலாந்து மருத்துவர்கள் இப்படி வெளிவந்த உருண்டைகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த உருண்டைகளில் கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபினும் இல்லை, கால்சியமும் இல்லை. நான்கில் மூன்று பங்கு கொழுப்பு அமிலம். 40 பாகை செல்சியஸில் வைத்தபோது பத்து நிமிடத்தில் உருகிப் பச்சை எண்ணெயாகிவிட்டன.

படிவம் 5 வேதியியல் படிக்கும் மாணவர்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். குடித்த எண்ணெயைக் குடலில் உள்ள நொதி கொழுப்பு அமிலங்களாக உடைக்கிறது. பழச்சாற்றில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. கொழுப்பு அமிலமும் பொட்டாசியமும் சேர்ந்தால் கிடைப்பது சவர்க்காரம். அந்த உருண்டைகள் பித்தப்பையிலிருந்து வரவில்லை. குடித்த எண்ணெயே குடலுக்குள் சவர்க்காரமாக மாறி வெளியே வந்திருக்கிறது.

'ஆனால் எனக்கு வலி நின்றுவிட்டதே' என்று சிலர் கேட்பார்கள். பித்தக்கல் வலி வந்து வந்து போகும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு அது எப்படியும் குறையத்தான் போகிறது. அந்த நேரத்தில் நீங்கள் குடித்தது ஜூஸோ வெந்நீரோ, பெயரை அதுவே தட்டிக்கொண்டு போகும்.

இதைப் பிரித்தறிய ஒரு வழிதான் இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு குழுக்களை எடுத்து, ஒன்றுக்கு மட்டும் சிகிச்சையைக் கொடுத்து ஒப்பிட வேண்டும். யார் எந்தக் குழு என்பதை நோயாளியும் முடிவு செய்யக்கூடாது, மருத்துவரும் முடிவு செய்யக்கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயலாக அமைய வேண்டும். இதைத்தான் சமவாய்ப்பு ஒதுக்கீட்டு ஆய்வு என்கிறோம். மருத்துவரே தேர்ந்தெடுத்தால், உடல் நலமாக உள்ளவர்களைத் தம்மை அறியாமலே புதிய சிகிச்சைக்கு அனுப்பிவிடக்கூடும். பிறகு அந்தச் சிகிச்சை வென்றதா, அந்த நோயாளிகளின் உடல் பலம் வென்றதா என்று சொல்ல முடியாது.

கட்டுக்குள் மறைந்திருந்த உண்மை

பித்தப்பையை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியவர் கார்ல் லாங்கன்பூக். 1882-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி, பெர்லின் நகரில். அதற்குப் பின் நூறாண்டுகள் வரை வயிற்றில் நீளமாகக் கீறித்தான் பையை எடுத்தார்கள். 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி எரிக் மியூஹே என்ற ஜெர்மானிய மருத்துவர், லேப்ராஸ்கோப்பி எனும் நுண்துளை முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். சக மருத்துவர்கள் தொடக்கத்தில் அவரை ஏளனம் செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே நிலைமை தலைகீழாக மாறியது. பிரான்சிலிருந்து இந்த முறை உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1990-இல் மும்பையில் டெஹெம்டன் உட்வாடியா இதைத் தொடங்கிவைத்தார்.

பரவிய வேகத்தில் முறையான ஒப்பீடு பின்தங்கிவிட்டது. தழும்பு சிறியது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று மக்களே இதைக் கேட்டு வாங்கினார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் மஜீத் என்ற அறுவை மருத்துவரின் குழு இதை நேர்மையாகச் சோதிக்க முனைந்தது. 200 நோயாளிகள். ஒரு பாதிக்கு நுண்துளை அறுவை; மறு பாதிக்கு வயிற்றில் ஒரே ஒரு சிறிய கீறல் வழியாகச் செய்யும் அறுவை. யாருக்கு எது என்பது அறுவை அறைக்குள்தான் முடிவானது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்த ஆய்வின் சிறப்பு. இரண்டு வகை நோயாளிகளுக்கும் வயிற்றில் ஒரே மாதிரியான கட்டைப் போட்டார்கள். உள்ளே இருப்பது நான்கு துளைகளா, ஒரு கீறலா என்பது வார்டில் கவனித்துக்கொண்டவர்களுக்குத் தெரியாது. எனவே 'இவருக்கு நவீன அறுவை, இன்றே எழுந்து நடக்கலாம்', 'இவருக்குக் கீறல், படுத்திருக்கட்டும்' என்று எவரும் வேறுபடுத்திச் சொல்ல வழியில்லை.

1996-இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. மருத்துவமனையில் தங்கியது இரு தரப்பும் மூன்று இரவு. முழு நடமாட்டத்துக்குத் திரும்பியது இரு தரப்பும் மூன்று வாரம். வேலைக்குத் திரும்ப நுண்துளைக் குழுவுக்கு ஐந்து வாரம், சிறு கீறல் குழுவுக்கு நான்கு வாரம். புள்ளியியல்படி இது பெரிய வேறுபாடல்ல. அறுவைக்கு எடுத்த நேரம் மட்டும் நுண்துளைக்கு 65 நிமிடம், சிறு கீறலுக்கு 40 நிமிடம். இவை எல்லாம் இடைநிலை அளவுகள்.

நுண்துளை அறுவை வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பழைய நீளக் கீறலோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நுண்துளை முறையில் மருத்துவமனை வாசம் சுமார் மூன்று நாளும், வீட்டில் தேறும் காலம் சுமார் மூன்று வாரமும் குறைகின்றன. ஷெஃபீல்ட் ஆய்வு கற்றுத்தருவது வேறொன்று. ஒருவர் எவ்வளவு சீக்கிரம் தேறுகிறார் என்பதில், கத்தி பட்ட அளவோடு, சுற்றியுள்ளவர்கள் அவரிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கும் பங்கு உண்டு. அறுவை முடிந்த ஒருவரை ஒரு மாதம் கட்டிலைவிட்டு இறங்க விடாமல் பார்த்துக்கொள்ளும் நம் வீட்டு அன்பை இந்தக் கோணத்தில் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது கேள்வி: அழற்சி வந்துவிட்டது, இப்போதா, ஆறு வாரம் கழித்தா?

பித்தப்பை வீங்கிப் பழுத்திருக்கும்போது கத்தி வைப்பது ஆபத்து, மருந்து கொடுத்து ஆற வைத்து ஆறு வாரம் கழித்து எடுக்கலாம் என்பது நெடுங்காலப் பழக்கம். இதைப் பல நாடுகளில் சிறுசிறு குழுக்களாக ஆராய்ந்திருந்தார்கள். சிறிய ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு: தற்செயலாகவே முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். நாணயத்தை ஐந்து முறை சுண்டினால் நான்கு முறை தலை விழக்கூடும். ஐந்நூறு முறை சுண்டினால் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வரும். ஆகவே சிதறிக் கிடக்கும் ஆய்வுகளைத் தேடிப் பிடித்து, தரம் பார்த்து, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் பணி ஒன்று மருத்துவத்தில் நடக்கிறது. காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு இதற்குப் பெயர் பெற்றது.

பித்தப்பை அறுவை பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வுகளைப் புரட்டினால் ஒரு தமிழ்ப் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: குறிஞ்சி செல்வன் குருசாமி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர். அவரும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறு ஆய்வுகள், 488 நோயாளிகள். அழற்சி வந்த சில நாட்களுக்குள்ளேயே அறுவை செய்தவர்களுக்கும் காத்திருந்து செய்தவர்களுக்கும் பித்தக்குழாய் காயத்திலோ, பெரிய கீறலுக்கு மாற வேண்டிய தேவையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மருத்துவமனையில் இருந்த மொத்த நாட்கள் மட்டும் முன்கூட்டியே செய்தவர்களுக்குச் சுமார் நான்கு நாள் குறைவு.

அதே 2013-இல் ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் 35 மருத்துவமனைகள் சேர்ந்து 618 நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வும் வெளிவந்தது. மருத்துவமனையில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 11.8 விழுக்காட்டினருக்கு உடல்நலச் சிக்கல்கள் ஏற்பட்டன. முதலில் மருந்து, பிறகு அறுவை என்று காத்திருந்தவர்களில் அது 34.4 விழுக்காடு. தங்கிய நாட்கள் சராசரியாக 5.4-க்கு எதிராக 10.

கல்லால் லேசான கணைய அழற்சி வந்தவர்களைப் பற்றி நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. அதே முறை மருத்துவமனையில் இருக்கும்போதே பையை எடுத்தவர்களில் 5 விழுக்காட்டினரே ஆறு மாதத்துக்குள் கல் தொடர்பான சிக்கலால் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னவர்களில் அது 17 விழுக்காடு.

'தைப்பூசம் முடியட்டும், தீபாவளி கழியட்டும், பிள்ளையின் எஸ்பிஎம் தேர்வு முடியட்டும்' என்று நாம் தள்ளிப்போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இதுதான். வலியில்லாத கல்லுக்கு அந்தப் பொறுமை பொருந்தும். அழற்சியோ கணையத் தாக்குதலோ ஒருமுறை வந்துவிட்ட பிறகு பொருந்தாது. மருத்துவர் 'இப்போதே செய்துவிடலாம்' என்றால் அவர் அவசரப்படுத்துவதாக எண்ண வேண்டாம். அரசாங்க மருத்துவமனையில் தேதி தள்ளிக் கொடுக்கப்பட்டால், இடையில் வலியோ காய்ச்சலோ வரும்போது தேதிக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நான்காவது கேள்வி: எப்போதாவது வலி வருகிறது, எடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

பெரும்பாலான வாசகர்கள் இந்த நடுவகையில்தான் இருப்பீர்கள். இதற்கான விடை மற்றவற்றைப் போல் நேரானதல்ல. நெதர்லாந்தின் 24 மருத்துவமனைகளில் 1,067 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வந்தது. ஒரு குழுவுக்கு வழக்கம்போல் மருத்துவர் முடிவுப்படி சிகிச்சை; மறு குழுவில் வலியின் தன்மை பித்தக்கல் வலிக்கான ஐந்து அடையாளங்களோடும் பொருந்தினால் மட்டுமே அறுவை. இரண்டாவது குழுவில் அறுவைகள் 75-லிருந்து 68 விழுக்காடாகக் குறைந்தன. ஆனால் ஓராண்டு கழித்து வலியே இல்லாதவர்கள் முதல் குழுவில் 60 விழுக்காடு, இரண்டாவதில் 56 விழுக்காடு.

இந்த எண்களை இன்னொரு தடவை படியுங்கள். எந்தக் குழுவானாலும் பத்துப் பேரில் நான்கு பேருக்கு ஓராண்டுக்குப் பிறகும் வயிற்று வலி இருந்தது. கல் இருக்கிறது, வலியும் இருக்கிறது; ஆனால் வலிக்குக் காரணம் கல்தானா என்பது தனிக் கேள்வி. குடல் எரிச்சல் நோயும் செரிமானக் கோளாறும் இதே இடத்தில் வலியைத் தரும். பையை எடுத்தாலும் அவை போகா.

பிரிட்டனில் 434 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான இன்னோர் ஆய்வு, 18 மாதம் வரை பார்த்ததில், அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கும் மருந்தோடு கவனித்துப் பார்க்க ஒதுக்கப்பட்டவர்களுக்கும் வலியின் அளவில் வேறுபாடு காணவில்லை. இதையும் கவனமாகப் படிக்க வேண்டும். அறுவைக் குழுவில் 67 விழுக்காட்டினரே அதற்குள் அறுவை செய்திருந்தார்கள். மறு குழுவிலும் 25 விழுக்காட்டினர் அறுவைக்கு மாறியிருந்தார்கள். 18 மாதம் என்பது ஓர் ஆயுள் முழுவதும் அல்ல.

எனவே இந்த வகையினர் மருத்துவரிடம் முதலில் பேச வேண்டியது வலியைப் பற்றித்தான். எங்கே வலிக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, இரவில் எழுப்புகிறதா, முதுகுக்குப் போகிறதா, சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு ஸ்கேன் படம் சொல்லாததை அந்தக் குறிப்பு சொல்லும்.

அறுவைக்குப் பிறகு

நுண்துளை அறுவை முடிந்து கண் விழிக்கும் பலர் முதலில் சொல்வது, "வயிற்றில்தானே கத்தி வைத்தீர்கள், தோள்பட்டை ஏன் வலிக்கிறது?" என்பதுதான். கருவிகளை அசைக்க இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி ஊதச் செய்கிறார்கள். அது தீப்பிடிக்காது, இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். அந்த வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோள்பட்டைத் தோலின் நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புகின்றன. எனவே உள்ளே இருக்கும் உறுத்தலைத் தோள்பட்டை வலி என்று மூளை தவறாகப் படிக்கிறது. ஓரிரு நாட்களில் அது தானாகக் குறையும். எழுந்து நடப்பது நல்லது.

குருசாமி குழு இந்தத் தேறும் காலத்தையும் விட்டுவைக்கவில்லை. அறுவைக்குப் பின் வயிற்றில் வடிகுழாய் வைப்பது ஒரு காலத்தில் வழக்கம். 12 ஆய்வுகள், 1,831 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்லாருக்கும் அதை வைப்பதற்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. அறுவை நடந்த நாளிலேயே வீட்டுக்கு அனுப்பலாமா என்பதற்கு ஆறு ஆய்வுகள், 492 பேர். ஓரிரவு தங்கியவர்களைவிட அவர்களுக்குப் பாதுகாப்புக் குறைவு என்று தெரியவில்லை. ஆனாலும் இந்த ஆய்வுகள் பலவற்றின் தரம் போதாது என்பதையும் அதே தொகுப்பு சொல்லியிருக்கிறது.

நுண்துளை அறுவைக்குப் பிறகு பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பிவிடுவார்கள். பெரிய கீறல் என்றால் ஆறு முதல் எட்டு வாரம். அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலையும் கிள்ளான் துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலையும் ஒன்றல்ல. எம்.சி. எத்தனை நாள் என்று கேட்கும்போது உங்கள் வேலை என்ன என்பதை மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். சாப்பாட்டில் நிரந்தரப் பத்தியம் எல்லாருக்கும் தேவையில்லை. முதலில் எண்ணெய் குறைத்துச் சிறிது சிறிதாக உண்டு பாருங்கள். சிலருக்குக் கொஞ்ச நாள் மலம் இளகிப் போகும். நீடித்தால் அதற்கும் மருந்துண்டு.

இது பாதுகாப்பான அறுவைதான், ஆனால் ஆபத்தே இல்லாததல்ல. ஆயிரத்தில் சிலருக்குப் பித்தக்குழாய் காயப்படுவதுண்டு. வீட்டுக்கு வந்த பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினாலோ, காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சள், ஓயாத வாந்தி, காயத்திலிருந்து சீழ் அல்லது பச்சை நீர் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். சந்திப்புத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். பித்தக்குழாய்க் காயம் சீக்கிரம் தெரிந்தால் சரி செய்யும் வாய்ப்பு கூடுதல். சிலாயாங் மருத்துவமனையில் கல்லீரல், பித்தக்குழாய் நோய்களுக்கென்றே சிறப்புப் பிரிவு உள்ளது; தேவைப்பட்டால் உங்கள் மருத்துவர் அத்தகைய இடத்துக்கு அனுப்புவார்.

மருத்துவரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

1. என் வலிக்குக் காரணம் இந்தக் கல்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
2. இப்போது எடுக்காவிட்டால் என்ன நடக்கக்கூடும்?
3. பித்தக்குழாயிலும் கல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?
4. நுண்துளை முறையில் முடியாவிட்டால் கீறலுக்கு மாறுவீர்களா?
5. வீட்டுக்குப் போன பிறகு எந்த அறிகுறி வந்தால், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்?

மாணவர்களுக்கு

உங்கள் வகுப்பில் ஒருவர், "எங்கள் பாட்டி தினமும் ஒரு மூலிகைச் சாறு குடித்தார், ஆறு மாதம் வலியே வரவில்லை" என்கிறார். அந்தச் சாறு வேலை செய்கிறதா என்று அறிய ஓர் ஆய்வை வடிவமையுங்கள். எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள்? யார் எந்தக் குழு என்பதை எப்படி முடிவு செய்வீர்கள்? சாறு குடிக்காத குழுவுக்கு எதைக் கொடுத்தால் ஷெஃபீல்ட் மருத்துவர்கள் போட்ட கட்டைப் போல் அது இருக்கும்? பாட்டியின் அனுபவத்தைக் கேலி செய்யாமல், அதையே ஆய்வின் கருதுகோளாக எழுதிப் பாருங்கள்.